கூட்டங்களுக்கு நெறியாளர்கள்: தொழிலகத்திற்கு உள்ளேயே பயிற்றுவிக்கும் முறை

தொழிலகங்களில் நிர்வாகத்தினரும் தொழிலாளரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பேச வேண்டும் என்ற கொள்கையை நமது சட்டம் நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 3-வது பிரிவு, 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களில், அரசு ஆணையிடும்போது, இரு தரப்பினரும் அடங்கிய பணிக்குழுவை அமைக்க வகை செய்தது. 1958-ல் கூட்டு நிர்வாக மன்றங்கள் தோன்றின. 1975 அக்டோபர் 30 அன்று அறிவிக்கப்பட்ட திட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் உற்பத்தி மற்றும் சுரங்க நிறுவனங்களில் பணிமனை மன்றங்களையும், ஆலை முழுவதற்குமான கூட்டு மன்றங்களையும் அமைக்கச் சொன்னது. 1976-ம் ஆண்டின் 42-வது திருத்தம் அரசியலமைப்பில் 43-அ பிரிவைச் சேர்த்து, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசின் நெறிமுறைக் கோட்பாடுகளில் ஒன்றாக்கியது. 1977-ல் வணிக, சேவை நிறுவனங்களுக்கும், 1983 இறுதியில் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன.

ஏற்பாடுகளில் குறைவில்லை. ஆயினும் 1969-ல் அறிக்கை அளித்த தேசியத் தொழிலாளர் ஆணையம், பணிக்குழுக்கள் எதிர்பார்த்த பலனை அளிக்கவில்லை என்பதற்கான காரணங்களை எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. அவற்றின் பரிந்துரைகள் வெறும் ஆலோசனையாகவே இருந்தமை, பணி எல்லை தெளிவாக வரையறுக்கப்படாமை, சங்கங்களுக்கிடையிலான போட்டி, சங்கங்களின் எதிர்ப்பு, முதலாளிகளின் தயக்கம் ஆகியன அக்காரணங்கள். இவை யாவும் உண்மையே. இவற்றோடு சேர்த்து எண்ணத் தக்க இன்னொரு காரணமும் உண்டு. கூட்டம் நடக்கும் அறைக்குள், அந்தக் கூட்டத்தை எப்படி நடத்துவது என்று பயின்றவர் எவரும் இல்லை.

அறைக்குள் நடப்பது

1957-ம் ஆண்டின் மத்திய விதிகள் பணிக்குழுவின் தலைவரை நிர்வாகமே நியமிக்க வேண்டும் என்றும், இயன்றவரை அவர் நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருக்க வேண்டும் என்றும் கூறின. குழுவிற்குப் பெருமை சேர்க்கும் நோக்கில் எழுதப்பட்ட விதி இது. நடைமுறையில் இதன் விளைவு வேறு. தம் ஊதிய உயர்வையும் விடுப்பையும் முடிவு செய்யும் அதிகாரி தலைமை இருக்கையில் அமர்ந்து, “யாருக்கேனும் கருத்து உண்டா?” என்று கேட்டால், பொறுத்தும் அரிவாள்முனை போன்ற கேள்விகளை எழுப்பப் பழகிய சங்கத் தலைவர் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்து உணவகம், குடிநீர், சீருடை என்ற பொருள்கள் வரிசையாக வந்து போகும். இவை சிறியவை என்று தள்ளுவதற்கில்லை. நாள்தோறும் எட்டு மணி நேரம் வெப்பத்தில் நிற்பவனுக்குக் குடிநீர் பெரிய பொருளே. ஆனால் எந்திரத்தின் அருகே நிற்பவன் மட்டுமே அறிந்த செய்திகள் அறைக்குள் வராமலே கூட்டம் முடிந்துவிடுகிறது.

1975-ம் ஆண்டுத் திட்டத்தில் ஒரு விதி இங்கு நினைவுகூரத் தக்கது. பணிமனை மன்றத்தின் முடிவுகள் வாக்கெடுப்பினால் அன்றி, ஒருமித்த கருத்தினால் எடுக்கப்பட வேண்டும் என்று அது கூறியது. வாக்கெடுப்புக்குத் தனித் திறமை எதுவும் தேவையில்லை. கைகளை எண்ணினால் போதும். ஒருமித்த கருத்தை உருவாக்குவதோ ஒரு தொழில். அதை அறியாத இடத்தில் மௌனமே சம்மதமாகக் கொள்ளப்படுகிறது. “மறுப்பு இல்லை, எனவே ஏகமனதாக ஏற்கப்பட்டது” என்று குறிப்பேட்டில் எழுதப்படும் வாக்கியங்களில் எத்தனை மெய்யான ஒப்புதல் என்பதை அக்கூட்டங்களில் அமர்ந்தவர்கள் அறிவார்கள்.

நெறியாளர் யார்?

ஆங்கிலத்தில் ‘பெசிலிடேட்டர்’ என வழங்கப்படுபவரை இக்கட்டுரையில் நெறியாளர் என்போம். இவர் கூட்டத்தின் தலைவர் அல்லர். முடிவு எடுப்பவரும் அல்லர். எதைப் பற்றிப் பேசுவது என்பதைக் குழு தீர்மானிக்கிறது. எவ்வாறு பேசினால் எல்லோருடைய அறிவும் மேசைக்கு வரும் என்பதை இவர் கவனிக்கிறார். பொருளில் பற்று இல்லாமல் முறையில் மட்டும் பற்றுக் கொண்டிருப்பது எளிதன்று. பொறியியல் பயின்ற அதிகாரி ஒருவர் நெறியாளராக அமர்ந்தால், தமக்குத் தெரிந்த விடையைச் சொல்லிவிட வேண்டும் என்ற துடிப்பை அடக்குவதே அவர் கற்க வேண்டிய முதற்பாடமாக இருக்கும்.

இந்தியாவில் இப்பணி பரவலாக அறிமுகமானது தர வட்டங்களின் வாயிலாகவே. 1962-ல் ஜப்பானில், கவோரு இஷிகாவாவின் தூண்டுதலால் தொடங்கிய இவ்வியக்கம், ஐதராபாத்தை அடுத்த இராமச்சந்திரபுரத்திலுள்ள பாரத மிகுமின் நிறுவனத் தொழிற்சாலையில் 1981-ல் வேரூன்றியது. அதற்கு முன்னின்று உழைத்தவர் எஸ்.ஆர். உடுபா. 1982-ல் இந்தியத் தர வட்ட அமைப்பு நிறுவப்பட்டது. ஒரே வகை வேலை செய்யும் ஏறக்குறைய ஆறு முதல் பத்துப் பேர் தாமாக முன்வந்து குழுவாக அமைவர். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கூடித் தம் வேலையிலுள்ள சிக்கல் ஒன்றை ஆராய்வர். வட்டத்திற்கு ஒரு தலைவர் உண்டு. பல வட்டங்களுக்குப் பொதுவாக ஒரு நெறியாளர் உண்டு. இந்த அமைப்பில் நெறியாளர் தளர்ந்தால் வட்டங்களும் தளர்ந்துவிடும் என்பது இத்துறையில் பழகியவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் செய்தி.

வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து வந்தால் என்ன என்று கேட்கலாம். பெரும் பூசல் ஒன்று மூண்டிருக்கும்போது வெளியார் வருவதே நல்லது. அவருக்கு எத்தரப்பிலும் கடன் இல்லை. ஆனால் மாதந்தோறும் கூடும் முப்பது பணிமனை மன்றங்களுக்கும் வாரந்தோறும் கூடும் வட்டங்களுக்கும் வெளியாரை நம்ப இயலாது. செலவு ஒரு காரணம். பணிமனையின் பேச்சுவழக்கு அவருக்குப் புரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். ஒரு கருவிக்குப் பண்டகசாலைப் பதிவேட்டில் ஒரு பெயர், தொழிலாளர் வாயில் வேறொரு பெயர் என்று இருக்கும். அதைக் கேட்டுத் தெளிவதற்குள்ளேயே ஒரு மணி நேரம் கழிந்துவிடும்.

உள்ளிருந்தே ஆசிரியர்களை உருவாக்கும் முறை நமக்குப் புதிதன்று. 1958-ல் நிறுவப்பட்ட மத்தியத் தொழிலாளர் கல்வி வாரியம் முதலில் கல்வி அதிகாரிகளைப் பயிற்றுவித்தது. அவர்கள் தொழிலகங்கள் விடுவித்து அனுப்பிய தொழிலாளர்களை ‘தொழிலாளர் ஆசிரியர்’களாகப் பயிற்றுவித்தனர். அவ்வாறு பயின்றவர்கள் தம் சொந்தத் தொழிலகத்திற்குத் திரும்பி, உடன் பணிபுரிவோருக்கு வகுப்பு நடத்தினர். பாடம் தொழிற்சங்கமும் சட்டமும் உற்பத்தியும் பற்றியது. கூட்டம் நடத்துவது பற்றியதன்று. எனினும் பட்டறையில் நிற்பவர் பட்டறைக்குக் கற்பிக்க முடியும் என்பதை அது நிலைநாட்டியது.

தேர்வு

உள்ளிருப்பவருக்கு ஒரு பெருங்குறை உண்டு. அறையில் அமர்ந்திருப்பவர்களில் ஒருவருக்கு அவர் கீழ்ப்பட்டவராகவோ மேற்பட்டவராகவோ இருப்பார். இதற்கு எளிய தீர்வு, எவரும் தம் சொந்தப் பிரிவின் கூட்டத்திற்கு நெறியாளராக இருக்கக் கூடாது என்ற விதி. வார்ப்படப் பிரிவினர் எந்திரப் பிரிவுக் கூட்டத்தையும், எந்திரப் பிரிவினர் பராமரிப்புப் பிரிவுக் கூட்டத்தையும் நடத்தலாம். தொழிலகத்தின் மொழி தெரியும்; அந்த அறையின் பகைமைகள் அவருடையவை அல்ல.

இன்னொன்று, நெறியாளர்களை இரட்டையராக அமைப்பது. நிர்வாகத் தரப்பில் ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர் என ஒன்றாகப் பயின்று ஒன்றாகவே நடத்தும்போது, நெறியாளர் நிர்வாகத்தின் காது என்ற ஐயம் பெருமளவு குறைகிறது. நன்றாகப் பேசுபவரைத் தேடித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இங்குப் பொருந்தாது. பிறர் தம் குறையைச் சொல்ல யாரிடம் இயல்பாகச் செல்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நன்று. எழுத்தர், கருவிக்கூடத் தொழிலாளி, முதலுதவிப் பணியாளர் போன்றோரிடையே இத்தகையோர் பலர் இருப்பர். பதவிப் பட்டியலில் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பயிற்சியின் உள்ளடக்கம்

வகுப்பறைப் பகுதி குறுகியதாக இருக்கலாம். இரண்டு அல்லது மூன்று நாட்கள் போதும். இலக்குவிளக்கப் படங்களும் வரையறைகளும் நிறைந்த நீண்ட வகுப்புகளால் நெறியாளர் உருவாவதில்லை. மீதிப் பயிற்சி முழுவதும் மெய்யான கூட்டங்களில், ஒருவர் நடத்த மற்றவர் கவனிக்க, மூன்று நான்கு மாதங்கள் நடைபெற வேண்டும்.

கவனிப்பவரின் வேலை திட்டவட்டமானது. ஒரு தாளில் மேசையையும் அமர்ந்திருப்போரையும் வட்டங்களாக வரைந்துகொள்கிறார். ஒருவர் பேசும்போதெல்லாம் அவர் வட்டத்திலிருந்து, யாரை நோக்கிப் பேசினாரோ அவர் வட்டத்திற்கு ஒரு கோடு. ஒரு மணி நேர முடிவில் தாள் தானே பேசும். எல்லாக் கோடுகளும் தலைவரிடம் சென்று திரும்பினால் அது விசாரணை. ஒருவரோடொருவர் பின்னிக் கிடந்தால் அது உரையாடல். கூட்டம் கலைந்தபின் இத்தாளை நெறியாளரிடம் காட்டிப் பேசுவதே பயிற்சியின் உயிர்நிலை. இம்முறையின் வேர் 1946-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கர்ட் லெவின் நடத்திய பயிற்சி முகாமில் உள்ளது. பயிற்சியாளர்களும் கவனிப்பாளர்களும் மாலையில் கூடி, பகலில் குழுக்களில் நிகழ்ந்தவற்றை ஆராய்ந்தபோது, பயில வந்தவர்களும் அதில் அமரத் தொடங்கினர். தம் நடத்தையைப் பற்றிப் பிறர் சொல்வதைக் கேட்பதே மற்றெல்லாப் பாடங்களையும்விட அவர்களுக்குப் பயன்பட்டது.

கற்க வேண்டிய திறன்களில் முதன்மையானது கேள்வி கேட்பது. ஓர் எந்திரப் பணிமனையை எண்ணிக்கொள்வோம். கடைந்தெடுத்த தண்டுகள் அளவு பிசகி, ஆய்வுப் பிரிவில் தள்ளுபடி ஆகின்றன. “இரவு முறையில் அக்கறை இல்லை” என்கிறார் மேற்பார்வையாளர். இரவு முறைத் தொழிலாளர் இருவர் உடனே எதிர்த்துப் பேசுகின்றனர். பயிற்சி பெறாத ஒருவர் இங்குச் சமாதானம் பேசத் தொடங்குவார். பயின்ற நெறியாளர், “எந்த எந்திரத்தில், எந்த முறையில், எந்த நாட்களில் தள்ளுபடி மிகுதி? இதை நாம் எப்படிச் சரிபார்க்கலாம்?” என்று கேட்பார். குற்றச்சாட்டு ஒரு கணக்காக மாறுகிறது. இரண்டு வாரம் குறியிட்டுவர ஒரு தாள் தயாராகிறது.

அதே அறையில் ஓர் உதவியாளர் அமர்ந்திருக்கிறார். பண்டகசாலை மாலையில் மூடிவிடுவதால் இரவில் குளிர்விப்பு நீர்மம் தீர்ந்துபோகிறது என்பதும், அதன்பின் கடைபவர்கள் தண்ணீர் கலந்து ஒப்பேற்றுகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் பண்டகசாலைப் பொறுப்பாளர் எதிரே இருக்கிறார். ஒப்பேற்றும் தொழிலாளிகளோ அவருடைய நண்பர்கள். அவர் வாய் திறந்தால் இரு பக்கமும் பகை. இத்தகைய அறிவை வெளிக்கொணரவே சீட்டு முறை பயன்படுகிறது. பேச்சுத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் எல்லோரும் மௌனமாகத் தமக்குத் தோன்றும் காரணங்களைப் பெயரின்றிச் சீட்டில் எழுதுகின்றனர். நெறியாளர் அவற்றைத் திரட்டித் தம் கையெழுத்தில் பலகையில் எழுதுகிறார். சீட்டுகளை அப்படியே ஒட்டிவிட்டால் கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும். எழுதப் பழகாதவர்கள் உள்ள குழுவில், இருவர் இருவராகத் தணிந்த குரலில் பேசவிட்டு, இருவர் சார்பிலும் ஒருவர் சொல்வது வழக்கம். யாருடைய கருத்து என்பது அப்போதும் மறைந்தே நிற்கும்.

பேச்சு வரிசையும் கற்றுத் தேற வேண்டியதே. நமது இராணுவ நீதிமன்றங்களில் உறுப்பினர்களின் கருத்து, பதவியில் மிகக் குறைந்தவரிடமிருந்து தொடங்கிக் கேட்கப்படுகிறது. மேலதிகாரி முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே வழிமொழிவர் என்பதை, படிநிலையை உயிராகக் கொண்ட இராணுவமே உணர்ந்து விதியாக்கியிருக்கிறது. தொழிலகக் கூட்டத்தில் இதை விதியாக அறிவிக்கத் தேவையில்லை. அதிகாரி இடைமறிக்கும்போது, “ஐயா சொன்னதைப் பலகையில் குறித்துக்கொண்டேன், இதுவரை பேசாத இருவரைக் கேட்டுவிட்டு மீண்டும் தங்களிடம் வருகிறேன்” என்று மரியாதை குன்றாமல் சொல்லப் பழகினால் போதும். இவ்வொரு வாக்கியத்தைத் தயங்காமல் சொல்வதற்குப் பலருக்கு ஒரு மாதப் பழக்கம் தேவைப்படலாம்.

முடிவு எட்டியபின் அதை அங்கேயே உரக்கப் படித்துக் காட்டுவது, யார் செய்வது, எந்த நாளுக்குள் என்பதை அவரவர் வாயாலேயே சொல்ல வைப்பது, மறுப்புள்ளவரின் மறுப்பை மழுப்பாமல் எழுதுவது ஆகியன குறிப்பெழுதும் பயிற்சியில் அடங்கும். மறுநாள் அலுவலகத்தில் ‘திருத்தி’ எழுதப்படும் குறிப்பு அடுத்த கூட்டத்தையும் கெடுத்துவிடும்.

எல்லைகளும் ஐயங்களும்

தொழிற்சங்கங்கள் இத்தகைய கூட்டங்களை ஐயத்தோடு பார்ப்பதற்கு நியாயம் உண்டு. ஊதியம், போனஸ், பணிச்சுமை முதலியன கூட்டுப் பேரத்திற்கு உரியவை. சங்கத்தின் உரிமையைச் சிறு குழுக்களின் வழியே அரித்துவிடும் முயற்சியாகக் கூட்டங்கள் மாறினால் அவை நிலைக்கா. 1959-ல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் வழியே பணிக்குழுக்கள் எடுத்துக்கொள்ளத் தக்கவை, தகாதவை என இரு பட்டியல்கள் வகுக்கப்பட்டதன் நோக்கமும் இதுவே. பேச்சு எல்லை தாண்டும்போது அதை அடக்காமல், “இது சங்கமும் நிர்வாகமும் பேச வேண்டியது, அவர்களுக்கு அனுப்புவோமா?” என்று தனித் தாளில் குறித்துக்கொள்ள நெறியாளர் அறிந்திருக்க வேண்டும்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. குழு கண்டுபிடித்த சிக்கனத்தால் ஓர் ஆளின் வேலை மிச்சமானால், அந்த ஆள் என்ன ஆவார்? தன் யோசனை உடன் நிற்பவனின் பிழைப்பைப் பறிக்கலாம் என்று எண்ணும் தொழிலாளி வாய் திறவான். திறக்க வேண்டும் என்று கேட்பதற்கும் நமக்கு உரிமையில்லை. இதற்கு நெறியாளரின் திறமை விடையாகாது. கூட்டங்களில் பிறந்த யோசனையால் எவரும் வேலை இழக்கமாட்டார், வேறு பணிக்கு மாற்றப்படுவதாயினும் ஊதியம் குறையாது என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி தந்தபின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அவ்வுறுதி கிடைக்காத இடத்தில் நெறியாளர்களைப் பயிற்றுவிப்பது, நல்ல மனிதர்களை அவர்களுடைய தோழர்களின் முன் பொய்யராக்குவதாகும்.

பயிற்சிக்குப் பின்

பணிமனை மன்ற முடிவுகள், வேறு காலக்கெடு குறிக்கப்படாவிடில், ஒரு மாதத்திற்குள் செயற்படுத்தப்பட வேண்டும் என்று 1975-ம் ஆண்டுத் திட்டம் கூறியது. நெறியாளர்களின் கையிலுள்ள சிறந்த அளவுகோல் இது. எத்தனை கூட்டங்கள் நடந்தன என்ற எண்ணிக்கையை மேலிடத்திற்கு அனுப்புவதில் பயனில்லை. எடுத்த முடிவுகளில் எத்தனை ஒரு மாதத்தில் நிறைவேறின, நிறைவேறாதவற்றுக்குக் காரணம் குழுவுக்குத் தெரிவிக்கப்பட்டதா என்பதைக் கணக்கிட வேண்டும். ‘இயலாது’ என்ற விடையைக் காரணத்தோடு பெற்ற குழு மீண்டும் கூடும். விடையே பெறாத குழு மூன்றாம் மாதத்தில் வருகைப் பதிவேட்டில் மட்டுமே உயிரோடிருக்கும்.

புறச்சூழல் மாறும்போது குழுக்களுக்கு என்ன நேரும் என்பதற்கு அகமதாபாத்தின் காலிகோ ஆலை நல்ல சான்று. 1953-ல் ஏ.கே. ரைஸ் என்ற ஆய்வாளர் அங்கே தானியங்கித் தறிகளில் தனித்தனி வேலையாகப் பிரிந்திருந்த தொழிலாளர்களைச் சிறு குழுக்களாக அமைக்கும் எண்ணத்தை முன்வைத்தார். குழுக்களைப் பிரித்துக்கொண்டவர்கள் தொழிலாளர்களே. ஏறக்குறைய 17 ஆண்டுகள் கழித்து எரிக் மில்லர் அங்குச் சென்று பார்த்தபோது, ஒரு தறிக்கூடத்தில் குழுமுறை நிலைத்திருந்தது. பிறவற்றில் தேய்ந்து பழைய முறைக்கே திரும்பியிருந்தது. மேலிருந்து வரும் நெருக்கடிகளைக் குழுவுக்கு வெளியே தடுத்து நிறுத்தும் மேற்பார்வை இல்லாமற்போன இடத்தில் குழு தன்னைத்தானே காத்துக்கொள்வது கடினம். ஆகையால் நெறியாளர் பயிற்சியோடு மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். அவர்களை விட்டுவிட்டுத் தொழிலாளரோடு நேரே பேசும் எந்தத் திட்டத்தையும் அவர்கள் தம்மைத் தாண்டிச் செல்லும் முயற்சியாகவே கருதுவர்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, 2020-ம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, பணிக்குழுவைத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழுவையும் அது கட்டாயமாக்குகிறது. பத்துப் பேருக்கு மேற்படாத அக்குழுவில் இரு தரப்பினரும் சம எண்ணிக்கையில் இருப்பர். தொழிலாளர் தொகையில் பெண்களின் விகிதத்திற்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் இடம்பெற வேண்டும். தலைவர் பதவி ஆண்டுதோறும் இரு தரப்புக்கும் மாறி மாறி வரும். நிறுவனத் தலைவரே கூட்டத் தலைவர் என்ற பழைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். அடுத்த ஆண்டு தலைமை இருக்கையில் அமரப்போகும் தையற்கூடப் பெண் தொழிலாளிக்கோ, சிறு பட்டறையின் பொருத்துநருக்கோ, கூட்டம் நடத்தும் பயிற்சியை இந்த ஆண்டே தொடங்கியாக வேண்டும். இருபது பேர் மட்டுமே உள்ள பட்டறை தனியே இதைச் செய்ய இயலாது. ஒரு தொழிற்பேட்டையிலுள்ள பத்துப் பன்னிரண்டு பட்டறைகள் சேர்ந்து நான்கைந்து இரட்டையரைப் பயிற்றுவித்து, ஒரு பட்டறையின் நெறியாளர்கள் மற்றொன்றின் கூட்டத்தை நடத்துமாறு செய்யலாம். தொழிலாளர் துறை அலுவலர்கள் இதற்கு முன்முயற்சி எடுத்துக்கொள்ள ஏற்ற இடம் தொழிற்பேட்டைகளே.